மணப்பாட்டுக் கரையில் ஒரு வள்ளம்

சாத்தான்குளம் என்னும் பெயரைக் கேட்டதும் வெளியூர் அன்பர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பதுண்டு. "குருவானவர் போயும் போயும் இந்தப் பெயருள்ள ஊரின் பக்கமா?" என்று வேடிக்கையாய்க் கேட்டவரும் உளர். சாத்தன் என்பது பழந்தமிழர் தம் மக்களுக்கு இட்டு வழங்கிய பெயர். மணிமேகலையைப் பாடியவர் சீத்தலைச் சாத்தனார். அய்யனாருக்கும் அப்பெயர் உண்டு. விவிலியத்துச் சாத்தானுக்கும் நம் ஊருக்கும் யாதொரு உறவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

நம் ஊரில் கடல் இல்லை. பனையும், செம்மணல் தேரியும், கிணறும், கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பம்பு செட்டுமே இப்பகுதியின் முகம். மின்சாரம் எட்டாத தோட்டங்களில் டீசல் எஞ்சின் வைத்து நீர் இறைத்த காலம் ஒன்று இருந்தது. அக்காலம் விட்டுச் சென்ற செல்வம், டீசல் எஞ்சினின் வயிற்றுவலியை அதன் ஓசை கொண்டே அறியும் சில மெக்கானிக்குகள். நாம் சொல்லப் போகும் கதையில் அத்தகைய ஒருவர் வருகிறார். பெயர் வேண்டா என்று அவரே கேட்டுக்கொண்டதால் மெக்கானிக் என்றே குறிப்பிடுவோம்.

ஆனி மாத இறுதியில் ஒரு மாலை. கச்சான் காற்று தேரி மணலை வாரி அறைவீட்டுத் திண்ணையெங்கும் இறைத்துக் கொண்டிருந்தது. மணப்பாட்டிலிருந்து ஒரு சம்மாட்டி நம்மைத் தேடி வந்தார். கடற்கரைப் பங்குகளில் நாம் துணைப் பங்குத்தந்தையாய் இருந்த நாள் முதல் அவரை அறிவோம். ஐம்பது வயதைத் தாண்டாதவர். அன்று அறுபதைக் கடந்தவர் போல் காணப்பட்டார்.

"வள்ளத்தை ஒரு தடவை மந்திரிச்சுத் தரணும் சாமி" என்றார்.

மூன்று மாதமாகவே வள்ளத்தில் எஞ்சின் சரியில்லை. கரையில் ஓட்டினால் ஓடுகிறது; கடலுக்குள் சென்று எதிர்க்காற்றில் இழுக்கச் சொன்னால் கறுப்புப் புகையைக் கக்கித் திணறுகிறது. டீசல் பம்பை இருமுறை கழற்றிச் சோதித்தாயிற்று. நாசில் புதிதாய் மாற்றியாயிற்று. வெளியூர்ப் பட்டறை ஒன்று ஏதேதோ செய்து பணத்தை வாங்கிக்கொண்டதே தவிர நோய் தீரவில்லை. முந்தின வாரம் நால்வர் வலை விரித்துத் திரும்புகையில் எஞ்சின் வலுவிழந்து, இரவெல்லாம் காற்றடித்த திசையில் ஒதுங்கிப் போய், விடியற்காலையில் வேறொரு வள்ளத்தார் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். அந்த நால்வரில் இருவர் இனி இவ்வள்ளத்தில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டனர். கண்ணேறு என்றார் ஒருவர். செய்வினை என்றார் மற்றொருவர். மூத்த மகன் கேரளத்து விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போய்விட்டான். வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வள்ளத்தைப் பாதி விலைக்குக் கேட்கிறார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே நம் குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "கவலையீனமாக வைத்திருப்பீர்கள். இத்தனை தொல்லை தரும் பொருளை விற்றுவிடுவதே நலம்" என்றோம். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. தேநீரை முழுதும் குடிக்காமலே எழுந்து சென்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் கோயில் ஜெனரேட்டரைப் பார்க்க வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னோம். ஸ்பானரைக் கீழே வைக்காமலே அவர் கேட்டது ஒரே கேள்வி: "காத்து இழுக்குற பக்கம் தும்முதா சாமி?"

நமக்குத் தெரியவில்லை. நாம் அதைக் கேட்கவேயில்லை. சம்மாட்டியைக் கைபேசியில் அழைத்து, எஞ்சினை ஓட்டி அதனருகே கைபேசியைப் பிடிக்கச் சொன்னோம். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார். 'டப், டப், டப்' என்ற ஒழுங்கிற்கிடையே அவ்வப்போது ஒரு 'புஸ்' ஓசை நமக்கும் கேட்டது. "அண்ணாச்சி, எஞ்சினை நிறுத்துங்க. நாங்க வாரோம்" என்றார் அவர். 'நாங்கள்' என்றதில் நம்மையும் சேர்த்துக்கொண்டது நமக்கு மகிழ்ச்சியே.

வியாழன் காலை ஒரு சிறு வேனில் கருவிகளுடன் புறப்பட்டோம். சாத்தான்குளத்திலிருந்து உடன்குடி வழியாக மணப்பாடு செல்லும் சாலை, நெல்லைச் சீமையின் இருவேறு உலகங்களை இணைப்பது. நம் பகுதியில் ஓடும் கருமேனியாறு மணப்பாட்டில்தான் கடலோடு கலக்கிறது; ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் நீர் இராது என்பதால், ஆற்றுக்குப் பதில் சாலையே அவ்வுறவைக் காத்து வருகிறது எனலாம். வலப்புறமும் இடப்புறமும் பனங்காடு. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் கடைவீதியில் வேனுக்குள்ளும் நுழைந்தது. அதைத் தாண்டினால் குலசேகரன்பட்டினம். கப்பல் வணிகத்தால் ஒரு காலத்தில் பெயர் பெற்ற அவ்வூரில் விண்கல ஏவுதளம் அமைக்க 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப் பெற்றது. "ராக்கெட்டுக்கும் மெக்கானிக் வேணும்லா சாமி?" என்று நம்மவர் கேட்டார். கேலியா, விண்ணப்பமா என்று தெரியவில்லை.

மணப்பாட்டைக் காணாதவர்கள் ஒரு முறை காண வேண்டும். கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்குன்று; அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில்; ஒருபுறம் குமுறும் கடல், மறுபுறம் குளம் போல் அடங்கிய நீர். குன்றின் அடியில், 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை என்று காட்டப்படும் இடமும், அதற்குள் நன்னீர் ஊறும் கிணறும் உள்ளன. கோயிலின் தொடக்கம் பற்றி ஊரார் வழிவழியாகக் கூறும் செய்தி நம் கதைக்குப் பொருத்தமானது. புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், கரை சேர்ந்தால் அம்மரத்துண்டிலேயே சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், கப்பல் இக்கரையில் ஒதுங்கவே அவ்வாறே செய்தார் என்றும் சொல்வர். 1540-ஆம் ஆண்டு என்பர். இன்றைய கோயில் 1581-இல் எழுந்தது; செப்டம்பர் 14-இல் திருவிழா. ஆக, பழுதுபட்ட கப்பலை மறவாத ஊர் இது. ஆயினும் சம்மாட்டி வீட்டில் அன்று வரலாறு பேச யாருக்கும் மனமில்லை. நாம் முன்னர் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். அவருடைய வயது முதிர்ந்த தாயார், "அத விடுங்க சாமி, மொதல்ல காப்பி குடிங்க" என்று முடித்துவிட்டார்.

வள்ளம் பழைய பலகை வள்ளம். மேலே கண்ணாடியிழை பூசியது. உள்ளே இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். பாயை நம்பிச் சென்ற வள்ளங்கள் எஞ்சினுக்கு மாறி ஒரு தலைமுறைதான் ஆகிறது. இந்தியாவில் மீன்பிடிப் படகுக்கு எஞ்சின் பொருத்தும் முயற்சியைப் பெரிய அளவில் தொடங்கியது, 1950-களில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நடந்த இந்தோ-நார்வீஜியத் திட்டம். பின்னர் 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே ஒட்டுப்பலகையால் சிறு படகுகள் கட்டிக் காட்டினார். அவ்வனுபவத்தை விவரித்து அவர் 1985-இல் எழுதிய நூலின் பெயரைத் தமிழில் 'சிறியது கடினம்' எனலாம். கடினம் என்ற அச்சொல்லின் பொருள் அன்று மணப்பாட்டு மணலில் நமக்கு விளங்கிற்று. படகும் எஞ்சினும் கரைக்கு வந்த வேகத்தில் அவற்றைப் பேணும் அறிவு வந்து சேரவில்லை.

மெக்கானிக் முதலில் செய்தது மிக எளியது. எஞ்சினை ஓடவிட்டு, டீசல் செல்லும் குழாயின் திருகை முதல் சிலிண்டரில் சற்றே தளர்த்தினார். எஞ்சின் உடனே மூச்சுத் திணறி நிற்கப் போயிற்று. அதை இறுக்கி, இரண்டாம் சிலிண்டரில் தளர்த்தினார். ஓசையில் மாற்றமே இல்லை. "பார்த்தீங்களா, ரெண்டாவது ஆளு சும்மா கூட வந்துக்கிட்டு இருக்கான். முழுப்பாரத்தையும் ஒருத்தன் இழுக்கான்" என்றார். இந்த எளிய சோதனையை மூன்று மாதத்தில் எவரும் செய்யவில்லை என்பதை எண்ணிச் சம்மாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்து, எஞ்சினை நிறுத்திக் கையால் சுழற்றினார். இரண்டாம் சிலிண்டரிலும் அமுக்கம் நன்றாகவே இருந்தது. கைப்பிடி எதிர்த்துத் தள்ளியது. அப்படியானால் பிஸ்டன் வளையங்கள் நலம். வால்வுகளும் நன்றாக அடைக்கின்றன. பின் நோய் எங்கே? காற்றிழுக்கும் குழாயைக் கழற்றி விரலை விட்டார். விரல் கரியாய் வந்தது. புகைக் குழாயில் இருக்க வேண்டிய கரி, தூய காற்று செல்லும் வழியில் இருந்தது. "மூச்சை இழுக்கான், பிடிக்கான், விடத் தெரியல" என்றார்.

வாசக அன்பர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை உள்ளிழுத்து, அதைக் கடுமையாய் அமுக்கிச் சூடேற்றி, அச்சூட்டில் டீசலைப் பீய்ச்சி எரித்து, எரிந்த புகையை வெளியே தள்ளுதல் என்னும் நான்கு செயல்கள் மாறி மாறி நடக்கின்றன. காற்று வரும் வாசலுக்கு ஒரு வால்வு, புகை போகும் வாசலுக்கு ஒரு வால்வு. இவ்வாசல்களை உரிய நேரத்தில் திறப்பது கேம்ஷாப்ட் என்னும் தண்டு. அதில் முட்டையின் கூர்முனை போன்ற மேடுகள் உண்டு. மெக்கானிக் அவற்றை மூக்கு என்கிறார். தண்டு சுழலும்போது மூக்கு மேலே வந்து டேப்பட்டைத் தூக்க, டேப்பட் புஷ்ராடைத் தள்ள, அது ராக்கரை அசைக்க, வால்வு திறக்கும். மூக்கு தேய்ந்தால் வாசல் முழுதும் திறக்காது. புகை வாசல் பாதியே திறந்தால், வெளியேறாத புகை சிலிண்டருக்குள் தங்கும். அடுத்துக் காற்று வாசல் திறந்ததும் அப்புகை அவ்வழியே பாய்ந்து வெளிவரும். அதுவே தும்மல். புதுக் காற்று உள்ளே வர இடமில்லை, பீய்ச்சிய டீசல் முழுதும் எரியாது, கறுப்புப் புகை. கையால் மெதுவாய்ச் சுழற்றுகையில் எரிதலும் இல்லை, அவசரமும் இல்லை. எனவே அமுக்கம் சரியாகவே தோன்றும்.

முன்னர் பார்த்தவர்கள் ஏமாந்த இடத்தையும் அவர் காட்டினார். ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விட வேண்டிய மெல்லிய இடைவெளியை அவர்கள் பீலர் கேஜ் கொண்டு அளந்து, சரியாக இருப்பது கண்டு திருப்தியடைந்திருக்கிறார்கள். ஆனால் அவ்வளவை எடுப்பது டேப்பட் மூக்கில் ஏறாமல், தண்டின் வட்டமான அடிப்பகுதியில் இருக்கும்போது. அடிப்பகுதி தேயவில்லை; தேய்ந்தது உச்சி. எனவே இடைவெளி சரியாக இருக்கும், வால்வு மட்டும் திறக்காது. அதை அறிய வேறு அளவு வேண்டும். மெக்கானிக் டயல் கேஜை வால்வின் தலையில் நிறுத்தி எஞ்சினை மெல்லச் சுழற்றினார். முதல் சிலிண்டரின் புகை வால்வு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இறங்கிற்று. இரண்டாவதில் முள் 5-ஐத் தொடவில்லை. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு பேச்சில்லை. செய்வினை என்று சொன்னவரும் அங்கே நின்றார்; அவர் முகத்தை நாம் பார்க்காதிருப்பதே அன்பு என்று கருதினோம்.

எஞ்சினைக் கழற்றாமல் கேம்ஷாப்டை வெளியே எடுக்க வள்ளத்தில் இடமில்லை. மூன்று கம்புகளை முக்காலியாய்க் கட்டி, செயின் பிளாக் மாட்டி, எஞ்சினைத் தூக்கிக் கரையில் ஓலைப்பாய் மீது இறக்கினார்கள். மீன் இறக்கி முடித்த இளைஞர் பத்துப் பேர் கேளாமலே வந்து தோள் கொடுத்தனர். ஆயிலை வடித்தபோது அது கரியும் பிசினுமாய் வந்தது. ஒரு காந்தத்தை அதில் துழாவி எடுக்க, நுனியில் மயிரிழை போல் இரும்புத் தூள் மின்னிற்று. "அண்ணாச்சி, ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். சம்மாட்டி நெடுநேரம் கடலைப் பார்த்தார். "பம்புக்குக் குடுத்த காசுல... ஆயில அப்புறம் பார்க்கலாம்னு வுட்டுட்டேன் தம்பி." மருந்துக்குச் செலவழித்தவன் சோற்றுக்கு இல்லாமல் இளைத்த கதைதான்.

இந்த எஞ்சினில் டேப்பட்டுகளின் அடி காளான் போல் அகன்றது. மேலே உருவ வராது. ஆகவே எஞ்சினைப் பழைய டயர்கள் மீது தலைகீழாய்க் கவிழ்த்தார். டேப்பட்டுகள் தண்டை விட்டு விலகிக் கீழே சரிந்தன. முன்பக்க மூடியைக் கழற்றி, பல்சக்கரத்தோடு கேம்ஷாப்டை மெல்ல உருவினார். கையில் வாங்கிப் பார்த்தோம். ஒன்றரை முழம்கூட இராது. மற்ற மூக்குகள் பளபளவென்று நிமிர்ந்து நிற்க, ஒன்று மட்டும் குருட்டுக் கண் போல் மழுங்கிக் குழிந்திருந்தது. அதன் மீது உட்கார்ந்த டேப்பட்டின் அடியிலும் அம்மைத் தழும்பு போன்ற குழிகள். கேம்ஷாப்டின் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டது; அந்தத் தோல் ஓரிடத்தில் உடைந்தால், உள்ளிருக்கும் மென்மையான இரும்பு விரைந்து தேய்ந்துவிடுமாம்.

இவ்வுறுப்பு டீசல் எஞ்சினோடு பிறந்ததன்று. அல்-ஜசாரி என்னும் அறிஞர் 1206-இல் எழுதிய இயந்திர நூலிலேயே இத்தகைய தண்டு உண்டு. நம் துறவியருக்கும் இதில் பங்குண்டு. பிரான்சு நாட்டில் 1118-இல் தொடங்கிய பொந்தனே மடத்துச் சிஸ்டர்சியன் துறவிகள் ஆற்று நீரால் சக்கரம் சுழற்றி, அதன் தண்டிலுள்ள முண்டுகள் சம்மட்டியைத் தூக்கித் தூக்கிப் போட, இரும்பு அடித்தார்கள். அப்பட்டறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உரலில் உலக்கை போடும் வேலைதான். ருடால்ப் டீசல் தம் எஞ்சினை 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் இரவில் மறைந்து, கடலில் பிணமானார். இதை நாம் சொன்னபோது சம்மாட்டியின் தாயார் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

பழைய மூக்கின் மீது வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து தருவோரும் உண்டு, விலை குறைவு. மெக்கானிக் ஒப்பவில்லை. "கிணத்து எஞ்சின்னா செய்யலாம். நின்னா தண்ணி நிக்கும், அவ்வளவுதான். இது கடலு." எனவே வெள்ளிக்கிழமை அதிகாலை, பழைய தண்டைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் பயணமானோம். திருச்செந்தூர், ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் பச்சை காட்டி முடிந்ததும், தாமிரபரணியைக் கடந்து பழையகாயல். மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் இதுவென்பர். இன்று கடல் விலகிப் போய், துறை இருந்த தடமே இல்லை. அதன்பின் முள்ளக்காடு வரை உப்பளங்கள். தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத்தில் ஒரு நொடி முழந்தாளிட்டோம். மணிலாவிலிருந்து 1555-இல் வந்ததாக வழிவழியாகக் கூறப்படும் சுரூபம் அங்கே இருக்கிறது. ஆலயம் 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப் பெற்றது. மெக்கானிக் வெளியே நின்று உதிரிபாகக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கடையில் தண்டு கிடைத்தது. டேப்பட்டுகள் நான்கும் புதிதாய் வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்தார். சம்மாட்டி கையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்து, "பழைய டேப்பட் மூணு நல்லாத்தான இருக்கு?" என்றார். பழைய டேப்பட் பழைய மூக்கோடு பழகி அதற்கேற்பத் தேய்ந்தது. புதுத் தண்டின் மீது அதை வைத்தால் புதியதையும் அரித்துவிடும் என்று கடைக்காரரும் சொன்னார். குறைந்த பணத்தை நாம் கொடுக்க முன்வந்தோம். சம்மாட்டி மறுத்து, விரலில் கிடந்த மோதிரத்தைப் பக்கத்துத் தெருவில் அடகு வைத்து வந்தார். நாம் வற்புறுத்தவில்லை. ஒருமுறை தவறாய் அறிவுரை கூறியது போதும் என்றிருந்தது.

அன்று பிற்பகல் பொருத்தும் வேலை. ஆயில் செல்லும் துளைகளையும், ஆயில் பம்பின் வலையையும் டீசல் விட்டுக் கழுவினார். வலை பாதி அடைத்திருந்தது. ஒவ்வொரு மூக்கிலும் கெட்டியாய் ஆயில் தடவித் தண்டைச் செருகினார். பல்சக்கரங்களில் புள்ளிக்குறி உண்டு. கிராங்கின் சக்கரப் புள்ளியும் கேம்ஷாப்டின் சக்கரப் புள்ளியும் நேருக்கு நேர் அமைய வேண்டும். கிராங்க் இருமுறை சுற்றினால் கேம்ஷாப்ட் ஒருமுறை சுற்றும். சம்மாட்டியின் இளைய மகன், எட்டாம் வகுப்பு மாணவன், பற்களை எண்ணிப் பார்த்து, பெரிய சக்கரத்தில் சரியாக இருமடங்கு இருப்பதாகச் சொன்னான். மெக்கானிக் அவனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

இருட்டத் தொடங்கியது. மூடியைப் பொருத்தி முடித்து, எஞ்சினை ஓட்டிவிடலாமென்று எல்லோரும் ஆவலாய் நின்றனர். அவர் மட்டும், "முதல்ல கையால ரெண்டு சுத்து" என்று பிளைவீலைப் பிடித்து மெல்லத் திருப்பினார். ஒன்றரைச் சுற்றில் ஏதோ தட்டிற்று. மிக மெல்லிய தட்டல். கையை எடுத்துவிட்டார். மூடியை மீண்டும் கழற்றி விளக்கடியில் பார்த்தால், புள்ளி ஒரு பல் தள்ளி இருந்தது. தண்டைச் செருகும்போது சக்கரம் சற்றே நழுவியிருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, வாங்கி வந்ததெல்லாம் வீணாகியிருக்கும். "தப்பு என்னுது" என்று அத்தனை பேர் முன்னிலையில் சொல்லிவிட்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பேராலயப் பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறோம். அந்த இரண்டு சொற்கள் நம் நெஞ்சில் தங்கிய அளவு அவற்றில் பல தங்கவில்லை.

சனிக்கிழமை விடியலில் எஞ்சின் வள்ளத்தில் ஏறிற்று. புதுத் தண்டு என்பதால் முதலில் மெதுவாய் ஓடவிடக் கூடாதாம். ஆயில் நன்றாய்த் தெறித்து மூக்குகளை நனைக்கும்படி சற்று வேகமாகவே இருபது நிமிடம் ஓட வேண்டும். அந்த இருபது நிமிடமும் மெக்கானிக் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். தும்மல் இல்லை. புகை வெளிறியது. டீசல் திருகைத் தளர்த்திப் பார்த்தபோது இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோல் எதிர்த்தன.

அதன்பின் நாம் வள்ளத்தை மந்திரித்தோம். சம்மாட்டியும், மகனும், வெளியேறிய இருவரில் ஒருவரும் ஏறினர். மற்றவர் இன்னும் வரவில்லை. கேரளத்திலுள்ள மூத்தவனும் சீசன் முடியாமல் வர முடியாதென்று சொல்லிவிட்டானாம். கச்சான் நன்றாய் எதிர்த்தடிக்க, வள்ளம் குன்றின் முனையைச் சுற்றிக் கடலுக்குள் சென்றது. ஓசை தேய்ந்து மறையும் வரை யாரும் பேசவில்லை. பாதி விலைக்குக் கேட்டவர் ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்தார். வள்ளம் அப்போது திரும்பிக் கொண்டிருந்தது. அதன் ஓசையைக் கேட்டுவிட்டு விலையைச் சற்று உயர்த்தினார். தாயார் எழுந்து உள்ளே போய்விட்டார்; அதுவே பதில்.

புறப்படுமுன் மெக்கானிக் எஞ்சின் பெட்டியின் மேல் சாக்கட்டியால் '50 மணி – ஆயில், டேப்பட்' என்று எழுதினார். அடுத்த அலையில் தெறித்த நீர் அதை அழித்தது. சம்மாட்டியின் மனைவி வீட்டுக்குள் சென்று, சுவரில் தொங்கிய மறைமாவட்ட நாட்காட்டியை எடுத்து வந்து, எந்தத் தேதி என்று கேட்டு, அத்தேதியிலிருந்த புனிதரின் பெயருக்கு அருகே பென்சிலால் 'ஆயில்' என்று எழுதினார்.